பார்த்ததும் பசிக்க வேண்டும்: விளம்பரப் புகைப்படத்தின் உளவியல், ஒரு முழுமையான வழிகாட்டி

வீட்டிலேயே இட்லிப் பொடி தயாரித்து விற்கும் ஒரு அக்கா, தன் பாட்டிலைப் படம் எடுத்துத் தரச் சொல்லி வந்தார். ஏற்கெனவே ஒரு படம் வைத்திருந்தார். வெள்ளைப் பின்னணி, நேராக நிற்கும் பாட்டில், லேபிளில் எல்லா எழுத்தும் தெளிவு. தொழில்நுட்பமாகக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் அதைப் பார்த்தால் பொடி இருக்கிறது என்று தெரிந்ததே தவிர, பொடி வேண்டும் என்று தோன்றவில்லை. "நல்லாத்தானே இருக்கு, ஏன் யாரும் கேக்க மாட்டேங்கறாங்க?" என்று கேட்டார்.

அந்தக் கேள்விக்குப் பதில் கேமராவில் இல்லை, படத்தைப் பார்ப்பவர் தலைக்குள் இருக்கிறது. சிறு வியாபாரிகளுக்காக உணவுப் படங்கள் எடுத்து வருகிறேன். லென்ஸ் பற்றியும் செட்டிங் பற்றியும் சொல்லித்தர நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு படம் மனதுக்குள் போய் என்ன செய்கிறது என்று சொல்பவர்கள் குறைவு. ஆகவே அந்தப் பொடிப் படத்தை எடுத்த வரிசையிலேயே இதை எழுதுகிறேன். உங்களிடம் இருப்பது சேலையோ சோப்போ மண்பானையோ, முறை இதுதான். ஓரளவு நல்ல ஃபோன் ஒன்று, ஒரு ஜன்னல், ஒரு தெர்மாகோல் அட்டை போதும்.

படி 1: முதலில் ஒரு வரி எழுதுங்கள்

1960களில் சோவியத் ரஷ்யாவின் ஆல்ஃபிரெட் யார்பஸ் என்ற ஆய்வாளர், ஒருவர் ஓவியத்தைப் பார்க்கும்போது கண் எங்கெல்லாம் போகிறது என்று கருவி வைத்துப் பதிவு செய்தார். இல்யா ரெப்பின் வரைந்த ஓவியம் அது. நாடு கடத்தப்பட்டிருந்த ஒருவர் எதிர்பாராமல் வீட்டுக்குள் நுழையும் காட்சி. "இவர்களுக்கு என்ன வயது இருக்கும்?" என்று கேட்டுவிட்டுக் காட்டினால் கண் முகங்களையே சுற்றி வந்தது. "இந்தக் குடும்பம் வசதியானதா?" என்று கேட்டால் உடைக்கும் மேசை நாற்காலிக்கும் போனது. படம் ஒன்றுதான், ஆளும் ஒருவர்தான். கேள்வி மாறியதும் கண் போன பாதை மாறிவிட்டது.

விளம்பரப் படம் எடுப்பவர் இதிலிருந்துதான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். உங்கள் படத்தை வெறும் மனதோடு யாரும் பார்ப்பதில்லை. காலை ஏழு மணிக்கு "இன்னைக்கு இட்லிக்குத் தொட்டுக்க என்ன?" என்ற கவலையோடு ஒருவர் பார்க்கிறார். ஹாஸ்டலில் மகனை விட்டிருக்கும் அம்மா, "கெடாம இருக்குமா?" என்று பார்க்கிறார். கனடாவில் இருப்பவர் ஊர் நினைப்போடு பார்க்கிறார். இந்த மூன்று கேள்விக்கும் ஒரே படம் பதில் சொல்லாது.

அக்காவோடு உட்கார்ந்து, அவரிடம் வாங்குபவர்கள் யார் என்று பேசினோம். பெரும்பாலும் வேலைக்குப் போகும் பெண்கள், சட்னி அரைக்க நேரம் இல்லாதவர்கள். அதனால் ஒரு தாளில் எழுதிய வரி: "சட்னி இல்லாத காலையிலும் இட்லி ருசியாக இறங்கும்." படம் எடுத்து முடிக்கும் வரை அந்தத் தாள் மேசையிலேயே இருந்தது. பாட்டிலை நடுவில் வைப்பதா, ஓரத்தில் வைப்பதா என்று தடுமாறியபோதெல்லாம் அந்த வரிதான் முடிவு சொன்னது.

படி 2: ஒன்றைத் தேர்ந்தெடுங்கள்

அக்கா தன்னிடம் இருந்த பதினோரு வகைப் பொடிகளையும் வரிசையாக வைத்து எடுக்கச் சொன்னார். நான் ஒன்று போதும் என்றேன். காரணம் இருக்கிறது.

டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டீன், பால் ஸ்லோவிக் என்ற 3 ஆய்வாளர்கள் 2007இல் வெளியிட்ட பரிசோதனை ஒன்று நன்கொடை விளம்பரம் செய்பவர்களிடையே பிரபலம். கலந்துகொண்டவர்களுக்கு 5 டாலர் கொடுத்து, அதிலிருந்து விரும்பியதை ஆப்பிரிக்காவின் பசிக்கு நன்கொடையாகத் தரலாம் என்றார்கள். சிலருக்கு மாலி நாட்டைச் சேர்ந்த 7 வயது ரோக்கியா என்ற சிறுமியின் படமும் கதையும் காட்டப்பட்டன. அவர்கள் சராசரியாக 2.38 டாலர் தந்தார்கள். சிலருக்குப் பஞ்சத்தில் வாடும் லட்சக்கணக்கானவர்களின் புள்ளிவிவரம் மட்டும் தரப்பட்டது. அவர்கள் தந்தது 1.14 டாலர். என்னை யோசிக்க வைத்தது மூன்றாவது குழுதான். சிறுமியையும் புள்ளிவிவரத்தையும் சேர்த்துக் காட்டியபோது 1.43 டாலர்தான் வந்தது. கூடுதல் தகவல் கொடுத்ததும் இரக்கம் கூடவில்லை, குறைந்துவிட்டது.

இட்லிப் பொடியும் பசிக் கொடுமையும் ஒன்றல்ல, அது தெரிகிறது. ஆனால் ஒன்றைப் பார்க்கும் மனம் அதற்குள் நுழைகிறது, கூட்டத்தைப் பார்க்கும் மனம் எண்ணத் தொடங்கிவிடுகிறது என்பதை வேலையில் திரும்பத் திரும்பப் பார்த்திருக்கிறேன். பதினோரு பாட்டில் வைத்தால் அது கடை. ஒரு தட்டில் இரண்டு இட்லி வைத்தால் அது சாப்பாடு. முழு வரிசையும் காட்டியே ஆக வேண்டும் என்றால் அதைத் தனிப் படமாக எடுங்கள்.

படி 3: வெளிச்சம்

இந்தப் படியில்தான் நேரம் செலவழிக்க வேண்டும். மற்றதெல்லாம் சுமாராக இருந்து வெளிச்சம் சரியாக இருந்தால் படம் பிழைத்துக்கொள்ளும்.

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியல் அறிஞர் வி.எஸ். ராமச்சந்திரன் 1988இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, நிழலைப் பார்த்து உருவத்தை மூளை எப்படிக் கட்டிக்கொள்கிறது என்பதைப் பற்றியது. தட்டையான வட்டங்கள், மேலே வெளுப்பாகவும் கீழே கறுப்பாகவும் சாயம் ஏற்றியவை. பார்ப்பவருக்கு அவை மேடு போலத் தெரியும். தலைகீழாகத் திருப்பினால் அதே வட்டங்கள் குழி போலத் தெரியும். ஏனென்றால் வெளிச்சம் மேலிருந்துதான் வரும், அதுவும் ஒரே இடத்திலிருந்து வரும் என்று மூளை யாரையும் கேட்காமலே முடிவு செய்துகொள்கிறது. சூரியனுக்குக் கீழே வாழ்ந்து பழகிய கண் வேறு எப்படி நினைக்கும்?

இதை இப்போதே செய்து பார்க்கலாம். ஆப்பத்தையோ பணியாரத்தையோ ஜன்னல் ஓரம் வைத்துப் படம் எடுத்து, ஃபோனைத் தலைகீழாகத் திருப்பிப் பாருங்கள். உப்பலாக இருந்தது சில சமயம் பள்ளமாகத் தெரியும். உணவை மிருதுவாகவும் உப்பலாகவும் காட்டுவது வெளிச்சம் வரும் திசைதான் என்பது அதைப் பார்த்ததும் புரியும்.

இதிலிருந்து வரும் நடைமுறை:

வீட்டில் உள்ள டியூப் லைட், பல்பு எல்லாவற்றையும் அணைத்துவிடுங்கள். ஜன்னல் வெளிச்சம் ஒரு நிறம், டியூப் லைட் வேறு நிறம். இரண்டும் கலந்தால் இட்லி ஒரு பக்கம் நீலமாகவும் மறுபக்கம் மஞ்சளாகவும் தெரியும். பழைய உணவு என்ற எண்ணம் வர அதுவே போதும்.

வெயில் நேரடியாக விழாத ஜன்னலாகப் பாருங்கள். விழுந்தால் பட்டர் பேப்பரையோ வெள்ளை வேட்டியையோ ஜன்னலில் கட்டுங்கள். எங்கள் வீட்டில் நாலு முழ வேட்டி ஒன்று இதற்கென்றே இருக்கிறது.

தட்டுக்குப் பின்னாலும் சற்றுப் பக்கவாட்டிலும் ஜன்னல் இருக்கட்டும். கடிகார முகத்தை நினைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் 6இல் நின்றால் ஜன்னல் 10 அல்லது 11இல். அப்போது எண்ணெய் மினுங்கும், ஆவி தெரியும், பொடியின் ஒவ்வொரு குருணையும் ஒரு சின்ன நிழலோடு நிற்கும். நம் தோளுக்குப் பின்னாலிருந்து வெளிச்சம் வந்தால் நிழலெல்லாம் மறைந்து பொடி வெறும் சிவப்புத் தூளாகிவிடும். ஃபோனின் ஃபிளாஷ் செய்வதும் இதே காரியம்தான். அதைத் தொடவே தொடாதீர்கள்.

முன்பக்கம் இருட்டாக இருக்கும். அதற்கு ஜன்னலுக்கு எதிர்ப்பக்கம் தெர்மாகோல் அட்டையை நிறுத்தி, நிழல் கரையாமல் தணியும் வரை அருகில் கொண்டு வாருங்கள். நிழலை முழுக்கக் கொன்றுவிடக் கூடாது.

படி 4: பார்ப்பவரின் கைக்கு ஒரு இடம் கொடுங்கள்

ரையன் எல்டரும் அராதனா கிருஷ்ணாவும் 2012இல் வெளியிட்ட ஆய்வைப் படித்த பிறகு என் வேலையே மாறியது. காபிக் கோப்பையின் கைப்பிடி வலப்பக்கம் இருக்கும் படம் ஒன்று, இடப்பக்கம் இருக்கும் படம் ஒன்று. வலது கைப் பழக்கம் உள்ளவர்களுக்குக் கைப்பிடி வலப்பக்கம் இருந்த படத்தைப் பார்த்தபோது வாங்கும் எண்ணம் கூடியது. பார்க்கும்போதே மனம் அதை எடுத்துப் பார்த்துவிடுகிறது. அந்தக் கையில் வேறு பொருளைப் பிடித்துக்கொண்டு பார்க்கச் சொன்னால் அந்த ஆசை கூடவில்லை. கையும் சேர்ந்துதான் படம் பார்க்கிறது என்பதற்கு இதைவிட என்ன வேண்டும்?

இன்னொன்றையும் கண்டார்கள். பிடிக்காத உணவு என்றால் விளைவு நேர் எதிர். எடுக்க வசதியாகக் காட்டக் காட்ட, வேண்டாம் என்ற எண்ணம்தான் வலுக்கும். மணமே பிடிக்காதவருக்குக் கருவாட்டுப் படத்தை எவ்வளவு அழகாகக் காட்டினாலும் பயன் இல்லை. அதனால்தான் படி 1 முதலில் வருகிறது.

நம் ஊரில் இது இன்னும் எளிது, ஏனென்றால் கரண்டியே வேண்டாம். ஒரு இட்லியைப் பிய்த்து, பிய்த்த துண்டில் பொடியும் நல்லெண்ணெயும் ஒட்டியிருக்க, அதைத் தட்டின் வலது கீழ் ஓரத்தில் வைத்தேன். பார்ப்பவர் கை நீட்டினால் முதலில் படும் இடம் அது. முழு இட்லி பார்ப்பதற்கு. பிய்த்த இட்லி சாப்பிடுவதற்கு. சேலைக்கு இதையே செய்யலாம்: மடித்து அடுக்கிய சேலையில் முந்தானையின் ஒரு முனை மட்டும் பார்ப்பவரை நோக்கிச் சரிந்து கிடக்கட்டும்.

படி 5: ஆங்கிள்

இதற்கு நீளமாகச் சொல்ல ஒன்றும் இல்லை. சாப்பிட உட்கார்ந்தவர் கண்ணுக்குத் தட்டு எப்படித் தெரியுமோ அந்தச் சாய்வு, ஏறக்குறைய 45 டிகிரி, பெரும்பாலான உணவுக்குப் பொருந்தும். அடுக்கு உள்ளவற்றுக்கு, உதாரணமாகப் பரோட்டாவுக்கு, பக்கவாட்டில் நேராக வாருங்கள். வாழை இலைச் சாப்பாட்டுக்கு மேலிருந்து. கீழிருந்து மேல்நோக்கி எடுத்தால் பொருள் பெரியதாகவும் அதிகாரம் உள்ளதாகவும் தோன்றும். பைக் விளம்பரத்துக்கு அது சரி, பொடிக்கு வேண்டாம்.

படி 6: மனிதர் இருந்தால் அவர் எங்கே பார்க்கிறார்?

முகம் இருக்கும் படத்தில் கண் முதலில் முகத்துக்குப் போகும். பிறந்த சில நிமிடங்களே ஆன குழந்தையும் முகம் போன்ற உருவத்தைத்தான் கண்ணால் அதிகம் தொடர்கிறது. எனவே மாடலை வைப்பதென்றால் எச்சரிக்கை தேவை. அந்த முகம் உங்கள் பொருளை விழுங்கிவிடலாம். மாடல் கேமராவைப் பார்த்துச் சிரித்தால் பார்ப்பவர் அந்தச் சிரிப்போடு நின்றுவிடுவார். மாடல் பொருளைப் பார்த்தால் பார்ப்பவரின் கண்ணும் அங்கே போகும். அச்சு விளம்பரங்களைக் காட்டிக் கண் போகும் பாதையைப் பதிவு செய்த ஆய்வுகளில் இது தெளிவாகத் தெரிந்திருக்கிறது. தெருவில் ஒருவர் அண்ணாந்து பார்த்தால் நாமும் பார்க்கிறோமே, அந்தப் பழக்கம்தான்.

முகம் இல்லாத பொருளிலும் மனம் முகம் தேடும். கடிகார விளம்பரங்களில் முள் பெரும்பாலும் 10:10இல் நிற்பதைக் கவனித்திருப்பீர்கள். அது சிரிக்கும் வாய் போல இருக்கிறது. 2017இல் வெளியான ஒரு ஆய்வில், 10:10 காட்டிய கடிகாரங்கள் பார்ப்பவர்களிடம் இனிமையான உணர்வை ஏற்படுத்தியது பதிவாகியிருக்கிறது.

பொடிப் படத்துக்கு முகம் வேண்டாம் என்று முடிவு செய்தோம். அக்காவின் கை மட்டும் வந்தது, எண்ணெய்க் கிண்ணத்தைச் சாய்க்கும் கை.

படி 7: பக்கத்தில் வைக்கும் பொருட்கள் பேசும்

1964இல் ஃபிரெஞ்சுச் சிந்தனையாளர் ரோலாண் பார்த் ஒரு பாஸ்தா விளம்பரத்தை எடுத்து அலசினார். பன்ஸானி என்ற நிறுவனத்தின் விளம்பரம். பாதி திறந்த வலைப்பையிலிருந்து பாஸ்தா பாக்கெட்டும் தக்காளியும் வெங்காயமும் குடைமிளகாயும் வெளியே கொட்டுகின்றன. பையைப் பார்த்தால் இப்போதுதான் சந்தையிலிருந்து வந்தது போல இருக்கிறது. சிவப்பும் மஞ்சளும் பச்சையும் சேர்ந்து இத்தாலி என்கின்றன. ஒரு வார்த்தை சொல்லாமல் "புதிது", "இத்தாலியது" என்ற இரண்டு செய்தியும் போய்ச் சேர்ந்துவிட்டன. இதில் பார்த் கவனித்த நுட்பம்: இந்த இத்தாலித்தனம் ஃபிரெஞ்சுக்காரர் கண்ணுக்குத்தான் அப்படித் தெரியும், இத்தாலியர் ஒருவருக்கு அதே படம் அவ்வாறு பேசாது.

நமக்கும் அதுதான். வாழை இலையும் பித்தளைத் தம்ளரும் டொராண்டோவில் இருப்பவருக்கு ஊரைக் கொண்டு வரும். இங்கே தினமும் எவர்சில்வர் தட்டில் சாப்பிடுபவருக்கு அது கல்யாண வீட்டை நினைவூட்டும். காலை அவசரத்தை நினைவூட்டாது. எங்கள் வரி காலை அவசரம் பற்றியது. அதனால் எவர்சில்வர் தட்டு, ஓரத்தில் பாதி குடித்த காபி, மேசை விளிம்பில் ஒரு சாவிக்கொத்து. அந்தச் சாவிதான் கிளம்ப வேண்டிய நேரத்தைச் சொன்னது.

சிறிய புரியாத ஒன்று இருந்தால் இன்னும் நல்லது. 1951இல் விளம்பர நிபுணர் டேவிட் ஓகில்வி ஹாத்தவே சட்டைக்கு விளம்பரம் செய்தபோது, சட்டை போட்ட மனிதருக்கு ஒரு கண்ணில் கறுப்புத் துணி மூடி மாட்டிவிட்டார். இவர் யார், கண்ணுக்கு என்ன ஆயிற்று என்று வாசகர்கள் நின்று பார்த்தார்கள். அதிகம் பேர் அறியாத சிறு நிறுவனமாக இருந்த ஹாத்தவே பிரபலமானது. ஆனால் இதை அளவோடு செய்யுங்கள். கதை தேடிப் போன கண் பொருளுக்குத் திரும்பி வர வேண்டும்.

அப்புறம், காலி இடத்துக்குப் பயப்படாதீர்கள். நியூயார்க்கின் டாய்ல் டேன் பெர்ன்பாக் விளம்பர நிறுவனம் ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காருக்குச் செய்த பழைய விளம்பரத்தில் பக்கம் முழுக்க வெறுமை, ஒரு மூலையில் குட்டிக் கார். சிறியதாக நினைத்துப் பாருங்கள் என்பது வாசகம். பெரிய கார்களின் காலத்தில் அந்த வெறுமைதான் சத்தமாகப் பேசியது. "ஆஃபர்", "100% தூய்மை", ஃபோன் எண், ஐந்து ஸ்டிக்கர் எல்லாவற்றையும் படத்தின் மேல் ஒட்டினால் இதுவரை செய்த வேலை வீணாகிவிடும். விலையைப் படத்துக்குக் கீழே எழுதுங்கள்.

படி 8: கைக்கு வருவதையே காட்டுங்கள்

மனம் இவ்வளவு எளிதாக நம்பிவிடுகிறது என்று தெரிந்தபின், ஏமாற்றுவதும் எளிது. அதனால்தான் இதைத் தனிப் படியாக வைக்கிறேன்.

1960களின் இறுதியில் அமெரிக்காவில் கேம்ப்பெல் சூப் விளம்பரத்துக்குக் கிண்ணத்தின் அடியில் கண்ணாடிக் கோலிகளைப் போட்டிருந்தார்கள். காய்கறித் துண்டுகள் மூழ்காமல் மேலே நின்றன. சூப் முழுக்கக் காய் இருப்பது போலத் தெரிந்தது. மத்திய வர்த்தக ஆணையம் தலையிட்டு நிறுத்தியது. 2011இல் பிரிட்டனில், லோரியல் குழுமத்தின் இரண்டு ஒப்பனை விளம்பரங்கள் தடை செய்யப்பட்டன. ஒன்றில் இருந்தவர் நடிகை ஜூலியா ராபர்ட்ஸ். எடிட்டிங் மிகையில்லை என்று நிறுவனத்தால் நிரூபிக்க முடியவில்லை.

நம் நாட்டில் 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரையிலும், மீண்டும் செய்தால் 50 லட்சம் வரையிலும் அபராதம் விதிக்கலாம். சிவப்பழகு க்ரீம்களின் "முன்–பின்" படங்கள் நம் பெண்களுக்குச் செய்த கேடு பெரிது. "முன்" படத்தில் கீழிருந்தோ பக்கத்திலிருந்தோ மங்கலான வெளிச்சம், சோர்ந்த முகம். "பின்" படத்தில் முன்னாலிருந்து பரவிய வெளிச்சம், சிரிப்பு. தோலைவிட வெளிச்சம்தான் மாறியிருக்கும். கறுப்பாக இருப்பவர்களைத் தாழ்வாகவோ சோகமாகவோ காட்டக் கூடாது என்று இந்திய விளம்பரத் தர மன்றம் 2014இல் நெறி வகுத்தது. படி 3இல் சொன்னதைக் கற்றுக்கொண்டவர் அதை இப்படிப் பயன்படுத்தக் கூடாது என்று மனதார வேண்டிக்கொள்கிறேன்.

நானும் தவறியிருக்கிறேன். ஒரு சிறு உணவகத்துக்குப் பொங்கல் படம் எடுத்தபோது, அழகுக்காக நானே கூடுதலாக ஒரு கைப்பிடி முந்திரி போட்டேன். படத்தைப் பார்த்து வந்த ஒருவர் தட்டைக் கிளறிக்கொண்டே இருந்தாராம். உரிமையாளர் என்னிடம் கோபப்படவில்லை, நடந்ததை மட்டும் சொன்னார். அன்று முதல் ஒரு விதி: சமைத்தவர் பரிமாறும் அளவுதான் படத்திலும். அதே பொருட்களை முன்பக்கம் தெரியும்படி நகர்த்தலாம். 2012இல் கனடாவின் மெக்டொனால்ட்ஸ், தன் பர்கர் படம் எப்படி எடுக்கப்படுகிறது என்று தானே வீடியோ வெளியிட்டது. கடையில் போடும் அதே பொருட்கள், ஓரத்துக்கு இழுத்து வைக்கப்பட்டவை. அந்த எல்லை எனக்கும் ஏற்புடையது.

அக்கா ஒரு அம்மியைக் கொண்டுவந்து பின்னால் வைக்கலாமா என்று கேட்டார். பொடி மிஷினில் அரைத்தது. அம்மியைத் திருப்பி அனுப்பினோம். வாணலியில் பருப்பு வறுப்பது அவர் கையால்தான், அதைத் தனிப் படமாக எடுத்தோம். செயற்கை நுண்ணறிவில் உருவாக்கிய இட்லிப் படத்தைத் தன் கடைப் படமாகப் போடுபவர்களுக்கும் இதையே சொல்வேன்: அந்த இட்லியை உங்களால் யாருக்கும் பரிமாற முடியாது.

படி 9: சோதியுங்கள்

எடுத்தவற்றில் மூன்றை மட்டும் தேர்ந்தெடுங்கள். ஃபோனில் கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருக்கிப் பாருங்கள். அப்போதும் என்ன பொருள் என்று தெரிகிறதா? வாட்ஸ்அப்பில் அந்த அளவில்தான் பலர் முதலில் பார்ப்பார்கள்.

பிறகு பொருளைப் பற்றி அறியாத ஒருவரிடம் மூன்று எண்ணும் வரை காட்டிவிட்டு ஃபோனைக் கவிழ்த்து வையுங்கள். "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள், மரியாதைக்கு நன்றாக இருக்கிறது என்பார்கள். "என்ன பார்த்தீங்க?" என்று மட்டும் கேளுங்கள். முதலில் சாவிக்கொத்தைச் சொன்னால் சாவியை எடுத்துவிட வேண்டும். முதலில் தட்டைச் சொன்னால் தட்டின் மினுமினுப்பு அதிகம்.

தேர்ந்த படத்தின் வெளிச்சம், மேசை, சாய்வு மூன்றையும் குறித்து வையுங்கள்; ஜன்னலிலிருந்து எத்தனை சாண் என்பது உட்பட. ஒரு பொருளைத் திரும்பத் திரும்பப் பார்த்தாலே அதன்மேல் பிரியம் கூடும் என்று உளவியலாளர் ராபர்ட் ஸயான்ஸ் 1968இல் காட்டினார். அடுத்த பருப்புப் பொடிக்கும் அதே மேசை, அதே வெளிச்சம் என்றால் பெயரைப் படிக்கும் முன்பே உங்கள் கடை என்று தெரிந்துகொள்வார்கள்.

எங்கள் மூன்று படங்களையும் அக்கா தன் மாமியாரிடம் காட்டினார். முதலாவதைப் பார்த்து, "படம் நல்லா இருக்கு" என்றார். அதை ஒதுக்கிவிட்டோம். இரண்டாவதுக்கும் அதே பதில். மூன்றாவதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "எண்ணெய் பத்தலையே, இன்னும் ஒரு கரண்டி விடு" என்றார். அந்தப் படத்தைத்தான் பாட்டிலுக்குப் போட்டோம்.